ஐ.நா.வில் வேலை, சம்பளம் கிடையாது, வாடகை உங்கள் பாடு

2015 ஆகஸ்டில் ஜெனீவாவிலிருந்து ஒரு செய்தி உலகம் பூராவும் சுற்றியது. ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் இன்டர்னாகச் சேர்ந்த ஒரு இளைஞர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார் என்று. பெயர் டேவிட் ஹைட். நியூசிலாந்துக்காரர், வயது 22. ராத்திரி கூடாரம், சமைக்க ஒரு சின்ன கேம்பிங் அடுப்பு. காலையில் உலக சமாதானத்துக்கு வேலை!

செய்தி வந்த ஒரு சில நாளில் அவர் ராஜினாமா செய்துவிட்டார். மற்ற இன்டர்ன்கள் ஐ.நா. வாசலில் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதின. அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு இன்றும் சம்பளம் இல்லை. உதவித்தொகை என்று சொல்லிக்கொள்ள ஒரு டாலர்கூட இல்லை.

காலேஜில் இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோர் கண்ணும் விரியும். "ஐ.நா.வில் இன்டர்ன்ஷிப்பா! நியூயார்க்கா!" என்பார்கள். பயோடேட்டாவில் அந்த ஒரு வரி இருந்தால் போதும், மீதி வாழ்க்கை தானாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சின்னப்புத்தி. அதனால் இங்கே கொஞ்சம் சின்னப்புத்தியோடு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

விதிமுறை என்ன சொல்கிறது? இன்டர்ன்ஷிப் குறைந்தது இரண்டு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம். வாரத்தில் ஐந்து நாள், முழுநேரம். விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இன்டர்னின் செலவு, அல்லது அவரை அனுப்பும் கல்லூரியின் செலவு. மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்று அத்தாட்சியும் காட்ட வேண்டும். ஜலதோஷம் பிடித்தால்கூட ஐ.நா.வுக்குச் செலவு வரக்கூடாது.

இப்போது நியூயார்க். ஐ.நா. தலைமையகம் இருப்பது மன்ஹாட்டனில், ஈஸ்ட் ஆற்றை ஒட்டி. (ஒரு காலத்தில் அந்தப் பக்கம் கசாப்புக்கூடங்களாக இருந்ததாம். 1946-இல் ராக்பெல்லர் ஜூனியர் 85 லட்சம் டாலர் தூக்கிக் கொடுத்து நிலத்தை வாங்கித் தந்தார். ஆக ஐ.நா.வே அந்த ஊரில் தங்க இடம் தேடி ஒரு தனவானின் தயவில் குடியேறியதுதான். :-) எல்லா இன்டர்னுக்கும் ஒரு ராக்பெல்லர் மாமா இருப்பார் என்று அவர்கள் நினைப்பதற்கு இதுதான் காரணமோ என்னவோ.) அந்த ஊரில் நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு அறை என்றாலும் மாதம் 1000 டாலருக்குக் கீழே கிடைப்பது அதிர்ஷ்டம். ஒருதடவை சப்வேயில் ஏறினால் சுமார் 3 டாலர். தினமும் சமைத்தே சாப்பிட்டாலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் 1800 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு 10,800 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றே போட்டாலும் ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. டிக்கெட், விசா, காப்பீடு இதில் சேரவில்லை.

சரி, சாயங்காலம் எங்காவது ஓட்டலில் தட்டுக் கழுவியாவது சமாளிக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இந்த மாதிரி வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் விசாவில் பெரும்பாலும் வெளியே சம்பாதிக்க அனுமதி கிடையாது. உள்ளேயும் சம்பளம் இல்லை, வெளியேயும் சம்பாதிக்கக்கூடாது. அப்பா பணம் அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாத அப்பாவாக இருந்தால் விண்ணப்பமே போடாதே. எழுதப்படாத விதி இதுதான்.

ஜெனீவாவில் இதைவிட மோசம். ஊர் ரொம்பச் சின்னது, மக்கள்தொகை இரண்டு லட்சம்தான். விலைவாசியில் மட்டும் உலகத்தின் முதல் வரிசை. வாடகைக்கு வீடு எடுத்தால் மூன்று மாத வாடகைவரை அட்வான்ஸாகக் கேட்கலாம் என்று சுவிஸ் சட்டமே சொல்கிறது. அதே ஜெனீவா மாநிலத்தில் 2020 செப்டம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு ஒரு மணி நேரத்துக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்று முடிவுசெய்தார்கள். அப்போது உலகத்திலேயே உயர்ந்த குறைந்தபட்சக் கூலி என்று பேசப்பட்டது அது. ஊரில் தெரு கூட்டுகிறவருக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது (நியாயம்தான், கூடவே கொடுக்கலாம்). அந்தத் தெருவைத் தாண்டி உள்ளே போய் மனித உரிமை அறிக்கை தயாரிக்கும் இன்டர்னுக்குப் பூஜ்யம்.

மனித உரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உழைக்கிற ஒவ்வொருவருக்கும் மனிதராகக் கௌரவத்தோடு வாழப் போதுமான நியாயமான ஊதியம் பெற உரிமை உண்டு என்கிற பொருளில். அந்தப் பிரிவை மேற்கோள் காட்டி மற்ற நாடுகளுக்கு அறிக்கை எழுதுவதும் ஐ.நா.தான். அந்த அறிக்கையின் முதல் வரைவை டைப் அடிக்கிற இன்டர்னுக்கு மட்டும் 23-ஆவது பிரிவு பொருந்தாது.

"அந்தப் பையன் ஹைட் நாடகம் ஆடினான்" என்று ஒரு கூட்டம் உடனே வரும். வரட்டும். உண்மைதான், கொஞ்ச நாளில் ஹைட்டே எழுதினார்: கூடாரம் தற்செயலாக நடந்ததில்லை, இந்த அநியாயத்தின்மேல் கவனம் திரும்ப வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தது. பின்னால் நத்தலி பெர்ஜர் என்பவரோடு சேர்ந்து 'கால் மி இன்டர்ன்' என்று ஒரு ஆவணப்படமும் எடுத்தார், 2019-இல் வந்தது. ஆக அவர் திட்டம் போட்டுத்தான் கூடாரம் அடித்தார். இதைச் சொல்லிவிட்டால் ஐ.நா. ஜெயித்துவிட்டதாக அர்த்தமா? சம்பளம் கொடுக்காதது நாடகமா? அறை வாடகை நாடகமா? செலவை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்று சொல்லித்தான் அவர் சேர்ந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது என்பது அவர் வாதம். பொய் சொல்கிறவனையும் பணக்காரனையும் மட்டும் உள்ளே விடுகிற ஒரு கேள்வித்தாளை யார் தயாரித்தார்கள் என்பதல்லவா பிரச்சினை? உண்ணாவிரதம் இருக்கிறவரைப் பார்த்து "உனக்கு வீட்டில் சாப்பாடு இருக்கிறதே, நீ நிஜமாகவா பட்டினி?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது இந்த நாடகக் குற்றச்சாட்டு.

அடுத்த வாதம் கொஞ்சம் மரியாதையானது. "அனுபவம்தான் சம்பளம். கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் காசு எதற்கு?"

இந்த வாதத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் போர்ட்லாண்ட் டெர்மினல் என்ற ரயில்வே கம்பெனியின் வழக்கு வந்தது. ரயிலில் பிரேக்மேன் வேலைக்குச் சில நாள் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம் என்றது கோர்ட். ஏனென்றால் அவர்களால் கம்பெனிக்கு உடனடி லாபம் எதுவும் இல்லை, பார்க்கப்போனால் வேலைக்கு இடைஞ்சல்தான். சரி, நியாயம். ஆனால் அந்த ரயில்வே பயிற்சி ஏழெட்டு நாள் சமாசாரம். அதை ஆறு மாதம் முழுநேரம் ஆபீசில் உட்காருவதற்கு நீட்டினால் எப்படி?

நீட்டினார்கள். 'பிளாக் ஸ்வான்' படம் பார்த்திருப்பீர்கள், 2010-இல் வந்தது. அந்தப் படத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்த இரண்டு இன்டர்ன்கள் வழக்குப் போட்டார்கள். 2013 ஜூனில் நியூயார்க் நீதிபதி ஒருவர், இவர்கள் செய்தது வழக்கமான ஊழியர் செய்கிற வேலைதான், கூலி பெற வேண்டியவர்கள்தான் என்று தீர்ப்பளித்தார். நிறையக் கம்பெனிகள் அலறின. 2015 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, "இந்த ஏற்பாட்டில் முதன்மையான பயன் யாருக்கு, இன்டர்னுக்கா முதலாளிக்கா?" என்று பார்த்து முடிவுசெய்யுங்கள் என்றது. 2018-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலுக்கு மாறியது. முதலாளிகளுக்குச் சாதகமான அளவுகோல்தான். இருந்தாலும் அங்கே கோர்ட் வாசலாவது இருக்கிறது. கேள்வி கேட்கலாம், தோற்கலாம்.

ஐ.நா. இன்டர்னுக்கு அதுகூட இல்லை. 1946-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐ.நா.வுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்கக் கோர்ட்டில் போய் "எனக்குக் கூலி பாக்கி" என்று நிற்க முடியாது, சுவிஸ் கோர்ட்டிலும் முடியாது. ஐ.நா. ஊழியர்களுக்கென்று உள்ளே தீர்ப்பாயம் உண்டு. ஆனால் இன்டர்ன் ஊழியரே இல்லையே! ஊழியர் இல்லை, அதனால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை, அதனால் ஊழியர் இல்லை. வட்டம் முழுசாக மூடிக்கொள்கிறது.

அனுபவத்துக்குப் பின்னால் வேலை கிடைக்குமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2014-இல் ஐ.நா. வெளியிட்ட இன்டர்ன்ஷிப் விதிமுறையின்படி, இன்டர்ன்ஷிப் முடிந்து ஆறு மாதத்துக்கு அந்த இன்டர்ன் அதிகாரி நிலைப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று இருந்தது. பாரபட்சம் வந்துவிடக்கூடாதாம். ஒன்பது லட்சம் செலவழித்துவிட்டு ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. இதை வேலைக்கு ஏணி என்று எப்படிச் சொல்வது?

இதில் உண்மையில் யாருக்கு நஷ்டம் என்பதுதான் மூலக்கேள்வி. லண்டனிலோ பாரிஸிலோ வக்கீல் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சம்பளமில்லா ஆறு மாதம் ஒரு நீண்ட விடுமுறை. நைரோபியிலோ டாக்காவிலோ மதுரையிலோ முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவருக்கு அது எட்டாத பழம். அவரிடம் திறமை குறைவு என்று யாரும் சொல்லவில்லை. தேர்வில்கூட வெற்றி பெற்றிருப்பார். "வாழ்த்துகள், தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்" என்று மெயில் வந்திருக்கும். அந்த மெயிலை நண்பர்களிடம் காட்டிவிட்டு, "வர இயலவில்லை" என்று பதில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி எழுதியவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. கூடாரம் அடித்தவராவது போட்டோவில் வந்தார்.

பிறகு பத்து இருபது வருஷம் கழித்து அதே ஐ.நா.வில் அகதிகளைப் பற்றியும் பசியைப் பற்றியும் முடிவெடுக்கிற நாற்காலிகளில் யார் இருப்பார்கள்? அந்த விடுமுறைக்கு வந்த பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். ஏழை நாடுகளுக்கு எது நல்லது என்று அவர்கள்தான் சொல்வார்கள். கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் மாசக்கடைசி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்.

பணம் கொடுக்க மனசிருக்கிறது, பொதுச்சபைத் தீர்மானம் தடுக்கிறது என்பது ஹைட் விவகாரத்தின்போது ஐ.நா. தரப்பில் சொல்லப்பட்ட சமாதானம். ஊழியர் அல்லாதவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாதாம். இந்த மாதிரி விவாதங்களில் வந்துபோகிற 1997-ஆம் வருஷத்துத் தீர்மானம் ஒன்று உண்டு, எண் 51/243. அதன் கதை தெரிந்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தொண்ணூறுகளில் பணக்கார நாடுகள் தங்கள் அதிகாரிகளைச் சம்பளத்தைத் தாங்களே கொடுத்து ஐ.நா. அமைதிப்படைத் துறைக்கு இரவலாக அனுப்பிக்கொண்டிருந்தன. ஐ.நா.வுக்கு இலவச ஆள். வளரும் நாடுகள் எதிர்த்தன. இலவசமாக ஆள் அனுப்ப வசதியுள்ள நாடுகளின் ஆட்களே நிறைந்துவிட்டால் மற்றவர்கள் குரல் என்னாவது என்று கேட்டன. அந்த எதிர்ப்பில் பிறந்ததுதான் இலவசப் பணியாளர்களுக்குக் கட்டுப்பாடு விதித்த அந்தத் தீர்மானம். நாடுகள் அளவில் தப்பு என்று ஒப்புக்கொண்ட அதே விஷயம் குடும்பங்கள் அளவில் மட்டும் எப்படிச் சரியாகும்? இலவசமாகப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே நிறைந்துவிட்டால்?

தீர்மானம் என்பது மலை இல்லை, மாற்றலாம். ஐ.நா.வின் சொந்தக் கூட்டு ஆய்வுப் பிரிவே 2018-இல் எல்லா ஐ.நா. அமைப்புகளின் இன்டர்ன்ஷிப்பையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. இன்டர்ன்களுக்கு நிதி உதவி வேண்டும், அதற்கு வழி தேடுங்கள் என்ற திசையில்தான் அந்த அறிக்கை போகிறது.

மற்றவர்கள் செய்து காட்டியும் விட்டார்கள். ஜெனீவாவிலேயே, கூடாரத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அதுவும் ஐ.நா. குடும்பம்தான். உலக சுகாதார அமைப்பின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே வந்த இன்டர்ன்களில் பெரும்பாலோர் பணக்கார நாட்டுக்காரர்கள். நோய்கள் அதிகம் எங்கே, டாக்டர் தட்டுப்பாடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ஆள் வரவில்லை. 2018 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் உறுப்பு நாடுகள் தீர்மானம் போட்டன: 2022-க்குள் இன்டர்ன்களில் குறைந்தது பாதிப்பேர் மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்தும் நடுத்தர வருமான நாடுகளிலிருந்தும் வர வேண்டும் என்று. பணம் இல்லாமல் அது நடக்காது என்பதும் அவர்களுக்குப் புரிந்தது, 2020 முதல் உதவித்தொகை வந்தது. நோயைக் கண்டுபிடித்தார்கள், மருந்தையும் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவில் 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பு அதிகாரி எமிலி ஓ'ரெய்லி, வெளிநாட்டுத் தூதரகங்களில் சம்பளமில்லாமல் பயிற்சியாளர்களை வைத்திருப்பது நிர்வாகக் கேடு என்றே சொல்லிவிட்டார். வசதியில்லாதவர்களுக்கு இது கதவை மூடுகிறது என்பதுதான் காரணம். அதன்பிறகு அங்கே பணம் வந்தது. அமெரிக்க வெள்ளை மாளிகைகூட 2022 இலையுதிர்காலத்தில் சேர்ந்த இன்டர்ன்களிலிருந்து வாரம் 750 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அங்கேயும் ஓசிதான்.

கடைசி வாதம்: காசு இல்லை. 2025-இல் ஐ.நா. கடும் பணத்தட்டுப்பாட்டில் மாட்டியது, ஆட்குறைப்பு, செலவுக்குறைப்பு என்று பேசியது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் 2015-இல் ஹைட் கேட்டபோது இந்தத் தட்டுப்பாடு எங்கே இருந்தது? அப்போது கொடுத்தார்களா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். ஆயிரம் இன்டர்ன்கள், தலைக்கு மாதம் 1500 டாலர், ஆறு மாதம். 90 லட்சம் டாலர். 2025-ஆம் வருஷ ஐ.நா. வழக்கமான பட்ஜெட் சுமார் 372 கோடி டாலர். நூற்றுக்குக் கால் பங்குகூட வரவில்லை. ஆயிரம் பேருக்குக் காசில்லை என்றால் ஐநூறு பேரை எடுக்கட்டும். ஐநூறு பேருக்கு வேலை இல்லை, சும்மா கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள் என்றால் குறைத்தால் என்ன நஷ்டம்? குறைத்தால் வேலை நின்றுபோகும் என்றால் அது வேலைதான் என்று ஆகிறது. இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அதுவரை விண்ணப்பம் போட நினைக்கிற நண்பர்கள், அறிவிப்பில் பதவியின் பெயரைப் படிப்பதற்கு முன்னால் கீழே சம்பளம் பற்றிய வரியைத் தேடுங்கள். ஐ.நா. என்ற ஒரே பெயரில் எல்லாமே ஒன்று இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் இவற்றின் அறிவிப்புகளில் உதவித்தொகை பற்றி எழுதியிருப்பார்கள், தொகை ஊருக்கு ஊர் மாறும். செயலகத்தின் அறிவிப்பில் செலவு உங்களுடையது என்று இருக்கும். தேர்வாகிவிட்டால், போக முடியாவிட்டாலும், "வர இயலவில்லை" என்று மட்டும் எழுதாமல் ஏன் இயலவில்லை, எத்தனை டாலர் குறைகிறது என்பதையும் அந்தப் பதிலில் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.